பரம்பிக்குளம்: நீர்க்கரைக் குடிலில் ஒரு வார இறுதி

பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் பாலக்காட்டுக்காரரே ஆனாலும், வண்டியில் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் வந்து பொள்ளாச்சி, சேதுமடை, டாப்சிலிப் வழியாக மலையேறித்தான் போயாக வேண்டும். காடு கேரள வனத்துறையின் பொறுப்பு. அந்தக் காட்டுக்குள் கிடக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளையும் இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத்துறை. இரண்டு மாநிலம், இரண்டு சோதனைச்சாவடி, இரண்டு கட்டணம். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் வழியில் வரும் குழப்பம் பாதி குறையும்.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்ப வசதியான இடம் இது. சென்னை, மதுரையிலிருந்து வருபவர்கள் வெள்ளி இரவே கிளம்பி, விடிவதற்குள் பொள்ளாச்சியைத் தொட்டுவிடுவது நல்லது. இந்தப் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் இரண்டு முடிவுகளில் இருக்கிறது. எந்தத் தண்ணீரின் கரையில் தூங்கப் போகிறீர்கள் என்பது ஒன்று. சேதுமடையை எத்தனை மணிக்குக் கடக்கிறீர்கள் என்பது மற்றொன்று. மற்றவற்றை வனத்துறையே பார்த்துக்கொள்ளும்.

எந்த மாதம்?

அக்டோபர் முதல் ஜனவரி வரை முதல் தடவை வருபவர்களுக்கான காலம். தென்மேற்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன தண்ணீர் அணைகளில் இருக்கும். காடு பச்சையாக இருக்கும். இரவில் குளிரும்.

பிப்ரவரிக்குப் பிறகு தேக்கு இலை உதிர்க்கும். வெயில் சுடும், அழகு குறையும். ஆனால் விலங்கு பார்க்க வருபவர்களுக்கு இதுதான் சரியான பருவம். மரங்கள் மொட்டையாக நிற்பதால் உள்ளே தூரம் வரை கண்ணுக்குத் தெரியும். அணையில் நீர்மட்டம் இறங்க இறங்க, வெளியே வரும் சேற்றுக் கரையில் இளம்புல் முளைக்கும். அதை மேயக் காட்டுமாடுகளும் மான்களும் இறங்கி வரும். கோடையில் காட்டுத்தீ அபாயத்தாலும் புலிக் கணக்கெடுப்பு போன்ற பணிகளாலும் வனத்துறை சில நாட்கள் சுற்றுலாவை நிறுத்திவைப்பது உண்டு. எனவே கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும். மழைக்காடு பிடிக்கும், நனைந்தாலும் கவலையில்லை என்பவர்கள் தாராளமாகப் போகலாம். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வேண்டாம்.

தங்குமிடம்: தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பலர் கட்டில் எத்தனை, வெந்நீர் உண்டா என்று பார்த்து அறை பிடிக்கிறார்கள். அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பரம்பிக்குளத்தில் முதலில் கேட்க வேண்டியது, கதவைத் திறந்தால் தண்ணீர் தெரியுமா என்பது. மாலைக்குப் பிறகு யாரும் வெளியே நடமாட முடியாது. திண்ணையிலிருந்து தெரிவதுதான் அன்றைக்கு உங்கள் காடு.

ஆனப்பாடி கூடாரங்கள்: கேரளச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் வருவது ஆனப்பாடி. வனத்துறையின் தகவல் மையமும் இங்கேதான். கூடாரம் என்றதும் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மேடை கட்டி, கட்டில் போட்டு, குளியலறையோடு சேர்த்து நிரந்தரமாக நிறுத்திய கூடாரங்கள் இவை. குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு ஏற்றவை. ஒரே குறை, நீர்த்தேக்கம் இங்கிருந்து தெரியாது.

தூணக்கடவு மரக்குடில்: அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி மரத்தின் மேல் கட்டிய சிறு குடில். இருவருக்குச் சரியாக இருக்கும். படியேறித்தான் போக வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும். விடியற்காலையில் படுக்கையை விட்டு எழாமலே நீர்க்கரையைப் பார்க்கலாம் என்பதால் இதற்குத்தான் போட்டி அதிகம்.

வீட்டிக்குன்னு தீவு: பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கும் தீவுக் குடில். படகில்தான் போக முடியும். நண்பர்கள் நாலைந்து பேராக எடுத்துக்கொண்டால் பொருந்தும். இங்கே ஓர் இரவு என்பது கடை, கைபேசி, வண்டி எதுவும் இல்லாத இரவு. இதை எல்லோரும் ரசிப்பார்கள் என்று நினைத்து வீட்டில் உள்ளவர்களைக் கேட்காமல் முன்பதிவு செய்துவிடாதீர்கள்.

முன்பதிவு கேரள வனத்துறையின் பரம்பிக்குளம் இணையதளத்தில் நடக்கிறது. தங்குவதோடு சாப்பாடு, காட்டு வண்டிச் சுற்று, மூங்கில் தெப்பம், வழிகாட்டி எல்லாம் சேர்ந்த தொகுப்பாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். சனிக்கிழமை இரவுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். வெள்ளியோ ஞாயிறோ இரவு தங்க முடிந்தால் இடம் கிடைப்பதும் சுலபம், கூட்டமும் குறைவு.

ஓர் எச்சரிக்கை. டாப்சிலிப், பரம்பிக்குளம் என்று பெயரில் சேர்த்துக்கொண்டு, அடிவாரத் தோப்புகளில் நடக்கும் தனியார் விடுதிகள் உண்டு. அவை மோசமானவை என்று சொல்லவில்லை. ஆனால் அவை காட்டுக்கு வெளியே இருக்கின்றன. பணம் கட்டும் முன், விடுதி சேதுமடைச் சாவடிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

மூட்டை கட்டும்போது

எடுத்துப் போக வேண்டியவை: எல்லோருடைய அடையாள அட்டை, முன்பதிவு ரசீதின் அச்சுப் பிரதி (மலைமேல் சிக்னலை நம்ப முடியாது), சில்லறையாகப் பணம், டார்ச், குளிருக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் கொஞ்சம் மருந்து, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். பைனாகுலர் இருந்தால் மறக்காதீர்கள். கேமராவைவிட அதற்குத்தான் வேலை அதிகம்.

உடை காக்கி, பச்சை, பழுப்பு என்று மங்கலாக இருக்கட்டும். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். செண்ட் வேண்டாம். மழைக்காலத்தில் முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். அட்டை ஏறினால் பிடித்து இழுக்காதீர்கள். உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும். கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

விட்டுவிட்டுப் போக வேண்டியவை: மது, பட்டாசு, ஸ்பீக்கர், பிளாஸ்டிக் பை, ஒருமுறை வீசும் பாட்டில். சாவடியில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, பைக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். பின் சீட்டில் கிடக்கும் காலி பிஸ்கெட் உறையைக்கூட எடுத்துக் காட்டிக் கேட்பார்கள். எதற்கு வாக்குவாதம்? பொள்ளாச்சியிலேயே வண்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள். டீசல், பெட்ரோலும் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பேருந்து உண்டு என்றாலும் நாளுக்குச் சில நடைகள்தான். நேரத்தைப் பேருந்து நிலையத்தில் விசாரித்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

சனிக்கிழமை: ஏறுவதும் இறங்குவதும்

பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் சாலை சேதுமடையில் காட்டைத் தொடும். காட்டுச் சாலை பகலில் மட்டுமே திறந்திருக்கும். அதனால் மத்தியானத்துக்கு முன்பே சேதுமடைச் சாவடியைக் கடந்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு வந்து நின்று கெஞ்சினால் யாரும் கேட்க மாட்டார்கள். யானை இறங்கும் நேரத்தில் உங்களை மேலே அனுப்பிவிட்டு அவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பிரிட்டிஷ் காலத்தில் மொட்டையடிக்கப்பட்ட இந்த மலையில் தேக்கைத் திரும்ப வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை, அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. 1933-ல் குன்னூரில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். வளர்ப்பு யானைகளைப் பார்க்க வேண்டுமானால் கோழிகமுத்தி முகாம் இருக்கிறது. வனத்துறை வண்டியில்தான் போக முடியும். நேரம் இல்லையென்றால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டாப்சிலிப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கேரளச் சாவடி. இங்கே தனிக் கட்டணம். சேதுமடையில் வாங்கிய ரசீது இங்கே செல்லாது, அதைக் காட்டி வாதாட வேண்டாம். ஆனப்பாடியில் பதிவு முடிந்ததும் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிடுவார்கள். காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர்தான் பெரும்பாலும் வழிகாட்டிகள். தமிழ் தாராளமாகப் பேசுவார்கள். நீங்கள் கட்டும் கட்டணத்திலிருந்துதான் இவர்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கிறது. வயதில் பெரியவரானால் "அண்ணே" என்று கூப்பிடுங்கள். "ஏய் கைடு" என்று கூப்பிடுபவர்களுக்கு இந்தக் காடு பாதிதான் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிச் சுற்று. தூணக்கடவுக்குப் பக்கத்தில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர், வயது 450 ஆண்டுகளுக்குக் குறையாது என்று கணிக்கிறார்கள். இந்திய அரசின் மகாவிருட்ச புரஸ்காரம் பெற்ற மரம். வெட்ட வந்தபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டது என்று பழங்குடியினர் சொல்லும் கதையை உங்கள் வழிகாட்டியின் வாயாலேயே கேளுங்கள். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். குழந்தைகள் நிச்சயம் முயன்று பார்ப்பார்கள்.

அதன்பின் நேராகப் பரம்பிக்குளம் அணை. வழியில் காட்சி முனைகளில் நிறுத்துவார்கள். இங்கிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொச்சி சமஸ்தானம் மரம் இழுக்க ஓட்டிய டிராம் 1907-ல் தொடங்கியது. பறவையியலாளர் சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது இந்தப் பாதையில் உள்ள குரியார்குட்டியில் தங்கியிருந்தார். இருவாச்சி பார்க்க ஆசைப்படுபவர்கள் குரியார்குட்டிப் பக்கம் நடைப்பயணம் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவைக்கவும்.

தெப்பத்தில்

மாலை வெயில் சாயும் நேரம் தெப்பத்துக்கு ஏற்றது. முழு மூங்கில்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கட்டிய தெப்பம். மேலே உட்காரப் பலகை. உயிர்காப்பு உடையைப் பூட்டிக்கொள்ளும் வரை தெப்பக்காரர் கரையை விட்டுத் தள்ள மாட்டார். எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது, எழுந்து நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

மோட்டார் இல்லாததால் துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் கரை மாறத் தொடங்கும். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு மேலே வரும். சில நாள் நீர்நாய்க் கூட்டம் தலைதூக்கி உங்களைப் பார்த்து, பிடிக்காமல், ஒன்றாக முங்கிவிடும். கரையில் கருப்புப் பாறை மாதிரி தெரிவது திடீரென்று காதை அசைக்கும். காட்டுமாடு. அதன் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல் இருக்கும். "பேசாம இருங்க சார், அதுவா தண்ணி குடிச்சிட்டுப் போயிரும்" என்பார் தெப்பக்காரர். அவர் சொல்வதுதான் அங்கே சட்டம்.

இந்த நீரில் முதலை இருக்கிறது. கரை எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் கால் நனைக்க இறங்காதீர்கள். கையை நீருக்குள் தொங்கவிட்டுக்கொண்டும் வர வேண்டாம்.

இரவு

இருட்டிய பிறகு குடிலை விட்டு வெளியே வரக் கூடாது. பக்கத்துக் கூடாரத்துக்குப் போவதென்றாலும் காவலரைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். சாப்பிட்ட தட்டையோ பழத்தோலையோ திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கினால் காட்டுப்பன்றியும் குரங்கும் வந்து சேரும். சாப்பாடு எளிமையானது. சோறு, சாம்பார், பொரியல், கேரளப் பாணிக் கூட்டு, சில இடங்களில் கோழி. வகைவகையாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். குழந்தைக்குப் பிடித்த சிற்றுண்டியை வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப் போங்கள்.

ஆனப்பாடியில் சில மாலைகளில் பழங்குடியினரின் பாட்டும் ஆட்டமும் இருக்கும். அது அவர்களுடைய கலை. ஆடுபவர்களின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காமல் உட்கார்ந்து கேட்பது மரியாதை.

விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் திண்ணையில் இருங்கள். மிளா கூப்பிட்டால் உலோகத்தைத் தட்டியதுபோல ஒரே ஒரு ஒலி வரும். அந்த ஒலி திரும்பத் திரும்ப வந்தால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ நடக்கிறது என்று பொருள். பார்த்தே ஆக வேண்டும் என்று டார்ச் அடிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை: தண்ணீரோடு திரும்புங்கள்

விடியற்காலை 6 மணிக்கு எழுந்தால்தான் ஞாயிறு உருப்படும். பனி நீர்மேல் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கரையில் நடமாட்டம் அதிகம். தொகுப்பில் காலை நடைப்பயணம் இருந்தால் தவறவிடாதீர்கள். கருமந்தியும் மலபார் அணிலும் தலைக்கு மேலேயே இருக்கும். தரையைப் பார்த்து நடப்பவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள்.

பத்து, பதினோரு மணிக்குக் குடிலைக் காலி செய்து இறங்கத் தொடங்குங்கள். இங்கேதான் இந்தப் பயணத்தை மற்ற மலைப் பயணங்களிலிருந்து வேறாக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நேற்று தெப்பம் மிதந்த தண்ணீர் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போங்கள்.

மேல்நீராறு, கீழ்நீராறு அணைகளின் நீர் சோலையாறுக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், அங்கிருந்து சுரங்கம் வழியாகத் தூணக்கடவு, பிறகு மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையம். மின்சாரம் எடுத்தபின் காண்டூர் கால்வாய் மலைச்சரிவை ஒட்டியே ஓடித் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுபோகிறது. ஆழியாறு அணைக்கும் ஒரு பங்கு போகிறது. பி.ஏ.பி. என்று கொங்குப் பகுதி விவசாயிகள் சொல்லும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இதுதான். தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நீர் பங்கிடப்படுகிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பகுதிகளில் தென்னையும் மக்காச்சோளமும் விளைவது இந்தத் தண்ணீரில்தான்.

எனவே சேதுமடையில் இறங்கி நேராகப் பொள்ளாச்சிக்குத் திரும்பாமல், ஆனைமலை வழியாக ஆழியாறு போங்கள். மாசாணியம்மன் கோயில் வழியிலேயே வரும். ஆழியாறு அணை வால்பாறை மலைச்சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, அணை மேட்டிலிருந்து மலையைத் திரும்பிப் பாருங்கள். நேற்று எந்த மடிப்புக்குப் பின்னால் தூங்கினீர்கள் என்று அவர்களைக் காட்டச் சொல்லுங்கள். அருகில் உள்ள குரங்கு அருவியில் நீர்வரத்து கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை இருந்தால் வாதாடாமல் திரும்புங்கள். அணையில் கிடைக்கும் வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் கோவை வந்துவிடலாம்.

காண்டூர் கால்வாயில் மட்டும் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். மேலே பார்க்கச் சாதாரண வாய்க்கால். உள்ளே சிமெண்ட் சரிவு வழுக்கும், இழுப்பு பலம், பிடித்து ஏற எதுவும் இல்லை. அணைகளுக்குக் கீழே உள்ள ஆற்றுப் பள்ளங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து பெயர்ந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடியாற்றை நோக்கிப் பாய்ந்தது. முன்னறிவிப்பு கொடுக்க அவகாசமே இல்லை.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

ஒன்று, முன்பதிவு உறுதியா, சுற்றுலா நிறுத்தம் எதுவும் இல்லையா? இரண்டு, அறையிலிருந்து தண்ணீர் தெரியுமா? மூன்று, தொகுப்பில் தெப்பமும் காலை நடையும் சேர்ந்திருக்கின்றனவா? நான்கு, வண்டியில் பிளாஸ்டிக் ஏதாவது மிச்சமா? ஐந்து, மத்தியானத்துக்குள் சேதுமடை போய்விடுவோமா? ஆறு, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு நாள் போன் கிடைக்காது என்று சொல்லியாயிற்றா?

கடைசியாக ஒன்று. பலர் புலி பார்க்கவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். ஓர் இரவு தங்குபவர்களுக்குப் புலி கண்ணில் படுவது அபூர்வம். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீர்க்கரையில் ஒரு மாலை, ஒரு காலை என்று எண்ணிப் போனால் பணமும் நேரமும் வீண் போகாது. போகும்போது கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நாம் குடிக்கும் இளநீரும் அந்தத் தண்ணீரில்தான் காய்க்கிறது.